பாங்காக்கில் நாலு பேர், நாலு மூட்டை

கேள்வி: நண்பர்கள் நால்வர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஐந்து நாள் பாங்காக் போகிறோம். காவ் சான் சாலையில் தங்குவதா, சுகும்விட் பக்கம் தங்குவதா? சுற்றிப் பார்க்க ரயில் பாஸ் வாங்கலாமா? எங்களில் ஒருவன் சுத்த சைவம். அவன் பட்டினி கிடக்காமல் இருக்க வழி உண்டா?

பதில்: இரண்டு இடமும் வேண்டாம், சைனாடவுனில் தங்குங்கள். காவ் சான் என்றால் அரிசி. ஒரு காலத்தில் அது அரிசி மண்டித் தெரு. இப்போது நள்ளிரவு தாண்டியும் ஸ்பீக்கர் ஓயாது. பக்கத்தில் ரயிலும் இல்லை. சுகும்விட்டில் ரயில் உண்டு, ஆனால் நீங்கள் பார்க்க நினைக்கும் கோயில்களெல்லாம் நகரத்தின் மறுகோடியில். சைனாடவுனின் வாட் மங்கோன் நிலையத்தில் எம்.ஆர்.டி. என்னும் மெட்ரோ ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சனாம் சாய். வெளியே வந்தால் வாட் போ கோயில் நடக்கும் தூரம்தான். பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய விடுதிகள் இங்கே நிறைய. நாலு பேர் என்பதால், டார்மெட்ரியில் நாலு படுக்கை என்ன விலை, இரட்டை அறை இரண்டு என்ன விலை என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். பல சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது.

இந்த நாலால் பெருக்கும் கணக்குதான் பயணம் முழுக்க உங்களுக்கு வேண்டியது. தனியாகப் போகிறவர்கள் சொல்லும் யோசனை குழுவுக்குப் பொருந்தாது. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து மக்கசான் வரை ஏர்போர்ட் ரயில், அங்கே இறங்கிச் சற்று நடந்து பெட்சபுரியில் எம்.ஆர்.டி. பிடித்தால் நேராக வாட் மங்கோன். தலைக்கு 80 பாட்டுக்குள் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) முடிந்துவிடும். டாக்சி என்றால் மீட்டர், விமான நிலையக் கட்டணம் 50 பாட், சுங்கம் எல்லாம் சேர்த்து சுமார் 400 பாட். நாலாகப் பிரித்தால் தலைக்கு நூறுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பாங்காக் டாக்சிகள் பலவற்றில் டிக்கியில் பாதியை கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும். நாலு மூட்டையில் இரண்டு உங்கள் மடியில்தான். பகலில் இறங்கினால் ரயில், நள்ளிரவென்றால் செயலியில் பெரிய வண்டி.

ஊருக்குள் கணக்கு தலைகீழ். டாக்சி மீட்டர் 35 பாட்டில் தொடங்குகிறது. அதனால் குறுகிய தூரத்துக்கு நாலு ரயில் டிக்கெட்டைவிட ஒரு டாக்சி மலிவாகவே முடியும். மாலை ஐந்து மணிக்கு மேல் மட்டும் ஏறாதீர்கள், நடந்து போகிறவன் முந்திவிடுவான். பாஸ் வேண்டாம். பி.டி.எஸ். என்னும் மேம்பால ரயிலும் எம்.ஆர்.டி.யும் தனித்தனி; ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. எம்.ஆர்.டி. வாயிலில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டினாலே போதும், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

நெரிசல் நேரத்தில் படகைப் பிடியுங்கள். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகுக்கு எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம், 16 பாட். துறையில் நீலக்கொடி சுற்றுலாப் படகுக்குத்தான் முதலில் கைகாட்டுவார்கள். பேசாமல் ஆரஞ்சுக்குக் காத்திருங்கள். நடத்துநர் நீளமான தகரக் குழலில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே வருவார். சென் செப் கால்வாய்ப் படகு இதைவிட முரட்டுத்தனமானது. ஹெல்மெட் போட்ட நடத்துநர் படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார். எதிரே படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கால்வாய்த் தண்ணீர் முகத்தில். ஓர இடத்தில் உட்காருகிறவனிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

பணம். வெளிநாட்டு அட்டையில் ஒவ்வொரு முறை ஏ.டி.எம்.மில் எடுக்கும்போதும் 200 பாட்டுக்கு மேல் பிடிப்பார்கள், ஆயிரம் எடுத்தாலும் சரி, இருபதாயிரம் எடுத்தாலும் சரி. நாலு பேரும் தனித்தனியே எடுத்தால் 800 பாட்டுக்கு மேல் வீண். ஒருவர் மொத்தமாக எடுத்துப் பொதுப் பையில் போட்டுச் செலவு செய்யுங்கள். கணக்கை அன்றிரவே முடித்துவிடுங்கள்.

கிராண்ட் பேலஸ் அரண்மனைக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். ஒருவன் அரைக்கால் சட்டையில் வந்தால் நாலு பேரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். மதிலோரம் டிப்டாப்பாக ஒருவர் வந்து "இன்று மூடியிருக்கிறது, 20 பாட்டுக்கு டுக்டுக்கில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்பார். என்னிடமும் சொன்னார், கழுத்தில் அடையாள அட்டை வேறு. அந்த வண்டி ரத்தினக்கல் கடையில் போய்த்தான் நிற்கும். வாயில் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள்.

உங்கள் சைவ நண்பருக்காகவும்தான் சைனாடவுனைச் சொன்னேன். மஞ்சள் பலகையில் சிவப்பில் "17" போலத் தெரியும் எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். அது "ஜே", வெங்காயம், பூண்டுகூட இல்லாத சீனச் சைவம். மற்ற கடைகளில் "மங்சவிரட்" என்று கேட்கலாம், மாமிசம் ஒளிந்திருப்பதால் சொல் மறக்காது. அதோடு "மாய் சை நம்ப்லா", மீன் சாஸ் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீரைப் பொரியலிலும் அது புகுந்துவிடும். சப்பாத்தி, பருப்புக்கு ஏங்கினால் அடுத்த பேட்டையான பஹுரட்டுக்கு நடந்தே போகலாம். அது இந்தியக் கடைத்தெரு. சீலோம் சாலையில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களே வரிசையில் நின்று மாலை சாத்துவதைப் பார்க்கவாவது போய் வாருங்கள்.

விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிட்டு, குடிவரவுத் துறையின் தளத்தைத் தேடுங்கள்.