கச்சான் தொழிலுக்கு ஐரோப்பிய முதுமாணிப் பட்டம் வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 30 வயது. சொந்த ஊர் விசுவமடு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, ஆறு ஆண்டுகளாகக் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கைக்கு மாதம் 250,000 ரூபாய் வருகிறது. 55 இலட்சம் சேமித்திருக்கிறேன். ஊரில் கச்சான் (நிலக்கடலை) பதனிடும் தொழில் தொடங்கி, வறுத்த கச்சானும் எண்ணெயும் வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன் வணிகத்தை முறையாகக் கற்க விரும்பினேன். ஐரோப்பாவின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் ஓராண்டு வணிக நிர்வாக முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்து 120,000 யூரோ. புலமைப்பரிசில் 30,000. என் சேமிப்பிலிருந்து 15,000 போட்டால், மீதி 75,000 யூரோவைப் பத்து ஆண்டுக் கடனாக 9 வீத வட்டிக்கு எடுக்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மாமா பிணை நிற்கச் சம்மதித்துவிட்டார். தேவைப்பட்டால் காணியையும் ஈடுவைக்கலாம் என்கிறார் அப்பா. அது மூன்று ஏக்கர் அரச அனுமதிப்பத்திரக் காணி. சென்ற காலபோகத்தில் அதில் 2,100 கிலோ கச்சான் வந்தது. அம்மாவோ, "படிப்பை ஒருவரும் பறிக்க முடியாது, போ" என்கிறார். போகலாமா?

பதில்: அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அம்மாவின் அந்த ஒரு வரிதான். 2009 இல் விசுவமட்டிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டன, மாட்டை விட்டன, நகையை வழியில் அரிசிக்குக் கொடுத்தன. செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்த தாய்மார் எத்தனையோ பேர். அங்கிருந்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் படிப்பைப் பிடித்துத்தான் எழுந்தார்கள். அதனால் படிப்புக்குச் செலவழிக்க வேண்டாம் என்று வன்னியில் ஒரு பிள்ளைக்கு எழுத எனக்குக் கை வருவதில்லை. ஆனால் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: கடனையும் ஒருவரும் பறித்துக்கொண்டு போக மாட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அதுவும் கூடவே வரும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடனோடு இந்த ஆண்டு போக வேண்டாம். கிடைத்த இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரியிடம் எழுதிக் கேளுங்கள். தகுந்த காரணம் காட்டினால் சில கல்லூரிகள் இசைகின்றன. இசையாவிட்டாலும் என் பதில் மாறாது.

கணக்கைப் பாருங்கள். 75,000 யூரோ, 9 வீதம், பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 950 யூரோ. படிக்கும் காலத்து வட்டியை விட்டுவிட்டே சொல்கிறேன். யூரோ ஒன்றுக்கு 350 ரூபாய் என்று வைத்தால் மாதம் 332,500 ரூபாய். பத்து ஆண்டில் திருப்பிக் கட்டுவது 114,000 யூரோ. இதைவிட, நீங்கள் கையிலிருந்து போடப்போகும் 15,000 யூரோ என்பது 52.5 இலட்சம் ரூபாய். 55 இலட்சத்தில் மிஞ்சுவது இரண்டரை இலட்சம். இழக்கும் ஓராண்டுச் சம்பளம் இன்னுமொரு 30 இலட்சம்.

இப்போது இதைக் கச்சானாக மாற்றிப் பாருங்கள். வறுத்து, பொதி செய்து, கடைக்காரரின் கழிவும் லொறிக் கூலியும் போக, ஒரு கிலோவில் 120 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவணை கட்ட மட்டும் மாதம் 2,770 கிலோ விற்க வேண்டும். அப்பாவின் மூன்று ஏக்கரில் ஒரு போகம் முழுவதும் பாடுபட்டு வந்ததே 2,100 கிலோ. உங்களுக்கென ஒரு ரூபாய் எடுப்பதற்கு முன், இயந்திரத்துக்கு ஒரு ரூபாய் சேர்ப்பதற்கு முன், அந்த விளைச்சலைவிடப் பெரிய மூட்டை ஒன்று மாதந்தோறும் வங்கிக்குப் போயாக வேண்டும். புதிதாகத் தொடங்கும் எந்தத் தொழிலாலும் இதைத் தாங்க முடியாது. தாங்க முடியாதபோது நீங்கள் செய்யப்போவது என்ன என்பதும் எனக்குத் தெரியும். கச்சானை விட்டுவிட்டு, தவணை கட்டக்கூடிய வேலையைத் தேடுவீர்கள். தொழில் தொடங்கப் படித்த படிப்பே தொழில் தொடங்க விடாமல் உங்களைக் கட்டிப்போடும்.

இதில் நாணயமாற்று ஆபத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. வருமானம் ரூபாயிலும் கடன் வெளிநாட்டு நாணயத்திலும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டே மாதங்களில் சுமை ஏறத்தாழ இரட்டிப்பானது. அப்படி ஒன்று மறுபடி வந்தால் உங்கள் 332,500 ரூபாய், 6 இலட்சத்தை நெருங்கும். வெளிநாட்டுக்குக் கச்சான் அனுப்பி யூரோவில் சம்பாதிப்பேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். அது முதல் ஆண்டில் நடக்கும் காரியம் அல்ல; ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தவணை விடயத்தில் நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மீள்குடியேற்றத்துக்குப் பின் சில ஆண்டுகள் நான் வன்னியில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். அப்போது இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் இரு சில்லு உழவு இயந்திரங்களைத் தவணைக்கு எடுத்தார்கள். உழைக்க மனமும் உடம்பும் உள்ளவர்கள். ஆனால் வயலில் காசு வருவது போகத்துக்கு ஒருமுறை; தவணை கேட்பது மாதத்துக்கு ஒருமுறை. ஒரு காலபோகம் மழையில் போனதும், வீட்டு வாசலில் நின்ற இயந்திரத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கடன்களில் சிலவற்றுக்கு நானும் சிபாரிசு எழுதியவன். வருமானம் வரும் காலத்தையும் தவணை வரும் காலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் எழுதினேன். அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்றும் மனத்தை விட்டுப் போகவில்லை. அதனால்தான் யார் எந்தக் கடனைக் கொண்டு வந்தாலும் இப்போது அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

அப்படியானால் இந்தப் பெரிய கல்லூரிகளில் ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. கூடப் படிப்பவர்கள், பின்னாளில் முதலீடு செய்யக்கூடியவர்கள், பெயரைக் கேட்டதும் திறக்கும் கதவுகள். ஆனால் அவற்றால் தொழிலில் வென்றவர்களின் கதைகளைக் கொஞ்சம் கூர்ந்து படியுங்கள். நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய பில் நைட், 1962 இல் ஸ்டான்ஃபோர்டில் முதுமாணிப் படிப்பை முடித்தவர். யப்பானிய ஓட்டச் சப்பாத்துகளை அமெரிக்காவில் விற்கலாம் என்ற எண்ணம் அங்கே வகுப்புக்கு எழுதிய ஒரு கட்டுரையில் பிறந்தது. அது உண்மை. ஆனால் 1964 இல் அவரும் அவருடைய பயிற்றுநர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டொலர் போட்டுத்தான் தொடங்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் அவர் கணக்காளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, காரின் பின்பெட்டியில் சப்பாத்துகளை வைத்து ஓட்டப்பந்தய மைதானங்களில் விற்றார். அழகுசாதனப் பொருள்கள் விற்கும் இந்தியாவின் நைக்கா நிறுவனத்தைத் தொடங்கிய ஃபால்குனி நாயர், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் 1985 இல் பட்டம் பெற்றவர். அவர் நிறுவனம் தொடங்கியது 2012 இல், 50 வயதை நெருங்கும்போது. இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரு நிதிக் குழுமத்தில் உயர்பதவியில் இருந்தார். இந்த இருவரையும் தொழிலின் தொடக்க காலத்தில் தாங்கியது சம்பளமும் சேமிப்பும். பட்டம் அந்தச் சம்பளத்துக்கு வழிகாட்டியது.

இங்கே உங்களிடம் ஒரு கேள்வி. பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். மனத்தின் அடியில் ஐரோப்பாவிலோ சிங்கப்பூரிலோ சில ஆண்டுகள் வேலை செய்து வாழும் ஆசை இருக்கிறதா? இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போது கணக்கே வேறு. அங்கே நல்ல வேலை கிடைத்தால், யூரோவில் சம்பளம் வாங்கி 950 யூரோத் தவணையைக் கட்டிவிடலாம். அந்த நோக்கத்தோடு போவதென்றால், வேலை விசா நிலவரத்தை நன்றாக விசாரித்த பின் போங்கள் என்றுதான் சொல்வேன். கச்சானுக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

கச்சானுக்கு வேண்டிய அறிவு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கச்சான் அனுப்புகிறவருக்கு முதல் எதிரி பூஞ்சணம். மாசி, பங்குனியில் பிடுங்கிய கச்சானைச் சரியாகக் காய வைக்காமல், ஈரப்பதம் 8 வீத அளவுக்குக் குறையுமுன் சாக்கில் கட்டினால், அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சு உருவாகும். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுவதும் போகாது. நேரடியாக உண்ணும் கச்சானில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள். மாமா இருக்கும் கனடாவில் எல்லை 15 மைக்ரோகிராம். ஒரே ஒரு பொதி திருப்பி அனுப்பப்பட்டாலும் உங்கள் முதலீட்டில் பாதி போய்விடும். இதைக் கற்க நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. பரிசோதனைக்குக் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கணக்கியலும் சந்தைப்படுத்தலும் அடிப்படையாகத் தெரிய வேண்டுமென்றால் அமெரிக்காவின் வார்ட்டன் கல்லூரி நடத்தும் தொடக்கப் பாடங்கள் கோர்செரா இணையத்தளத்தில் இருக்கின்றன. பின்னர் பட்டமே வேண்டும் என்று தோன்றினால் வேலையோடு சேர்த்துப் படிக்கக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வழி உண்டு.

கல்லூரி தரும் தொடர்புகளையும் இந்த இடத்தில் எடைபோடுங்கள். மென்பொருள் நிறுவனம் தொடங்கப் போகிறீர்கள் என்றால் ஐரோப்பிய வகுப்புத் தோழர்கள் பொன் போன்றவர்கள். உங்கள் தொழிலுக்கோ, ஈரக் கச்சானை எடையில் சேர்க்காத விவசாயி யார், ஏ-9 வீதியில் பாதி லொறிக்குச் சாமான் ஏற்ற இசைபவர் யார், இரண்டு கிழமைக் கடன் என்று வாங்கி இரண்டு மாதம் இழுக்கும் கடைக்காரர் யார் என்பது தெரிய வேண்டும். இந்தத் தொடர்பை விலைக்கு வாங்க முடியாது. பரந்தனிலிருந்து முள்ளியவளை வரை கடை கடையாக ஏறி இறங்கித்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

காணியைப் பற்றி அப்பாவிடம் நீங்கள் உறுதியாகப் பேச வேண்டும். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் ஈடுவைக்கவோ கைமாற்றவோ முடியாது. வங்கி தயங்கும்போது, பத்திரத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு காசு கொடுக்கும் ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் போனால் வட்டியும் போகும், ஒருநாள் காணியும் போகும், வழக்குப் பேசச் சட்டமும் துணை நிற்காது. முகாமிலிருந்து திரும்பி, காடு வெட்டி, கிணறு இறைத்து மீட்ட காணி அது. உங்கள் படிப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தப் பத்திரம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. மாமாவின் பிணையும் இலேசானதல்ல. நீங்கள் ஒரு தவணை தவறினால் வங்கி அவரிடம்தான் போகும். அங்கே அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள். அவர் அன்பால் சம்மதித்திருக்கிறார். அவரிடமும் அந்த 950 யூரோக் கணக்கைக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள்.

சரி, இந்த ஓராண்டில் என்ன செய்வது? வேலையை விடாதீர்கள். 55 இலட்சத்தில் 12 இலட்சத்தைத் தொழிலுக்கென ஒதுக்குங்கள், அதற்கு மேல் ஒரு சதமும் போட மாட்டேன் என்று எழுதி வையுங்கள். மீதியை நிலையான வைப்பாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவரின் வைப்புக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான் காப்புறுதி இருக்கிறது. எனவே நான்கு வங்கிகளில் பிரிப்பது நல்லது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொடக்கத்திலேயே அழைத்து இடத்தைக் காட்டுங்கள். வரும் பங்குனியில் அப்பாவின் கச்சானோடு அயலாரிடம் இன்னும் 1,500 கிலோ வாங்குங்கள். காய வைப்பதை அப்பா பார்க்கட்டும். ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். முதல் பொதியைக் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கடைகள் இருபதில் வையுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் சனத்திடம் நேரில் விற்றுப் பாருங்கள். யார் சுவைத்துவிட்டுத் திரும்பி வந்து கேட்கிறார்கள் என்று நீங்களே நின்று பாருங்கள். மாமாவுக்குப் பத்துப் பைக்கற்று அனுப்பி, அவரது ஊர்க்காரர் காசு கொடுத்து வாங்குவார்களா என்று அறியுங்கள். அன்பளிப்பாக வாங்குவது கணக்கில் வராது.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தக் கடை எத்தனை நாளில் காசு தந்தது, எத்தனை பைக்கற்று திரும்பி வந்தது, ஒரு கிலோவில் உண்மையில் எத்தனை ரூபாய் மிஞ்சியது. நான் போட்ட 120 ரூபாய் தவறாகவும் இருக்கலாம்; உங்கள் கொப்பியில் வரும் எண்ணே சரியான எண். இரண்டு போகம் முடிந்தபின் உங்களுக்கு எது குறைகிறது என்று பாருங்கள். குறைவது வெளிநாட்டு முதலீட்டாளர்தான் என்றால், அந்தக் கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பியுங்கள். நடத்திக் காட்டிய தொழிலோடு வரும் விண்ணப்பத்துக்கு, இப்போதைய 30,000 யூரோவைவிடப் பெரிய புலமைப்பரிசிலைத் துணிந்து கேட்கலாம். அப்போது அம்மா சொன்னபடி நானும் போகச் சொல்வேன்.

வைகாசிப் பொங்கல் முடிந்ததும் அந்தக் கொப்பியின் முதல் நான்கு பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.