பழைய ஜீப் பிக்கப்புக்கு டயரும் ரிம்மும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் டொலிடோ நகரில் 1947 முதல் 1965 வரை வில்லிஸ் கம்பெனியின் ஜீப் பிக்கப் தயாரானது. 1940-களின் கடைசியில்தான் மஹிந்திரா மும்பையில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. அந்த வம்சத்து வண்டிகள் நம் மலை எஸ்டேட்டுகளில் இன்னும் உழைக்கின்றன. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் டயர், ரிம் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, போடி பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் பல வருஷமாக நின்ற பிக்கப்பை வாங்கியிருக்கிறேன். டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடு) புதுசு போலவே இருக்கிறது. காற்று அடித்து ஓட்டலாமா?

வேண்டாம் தம்பி. ஷெட்டுக்குள்ளேயே மெதுவாக உருட்டி நகர்த்தலாம், ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஓடினால்தான் பட்டன் தேயும். ரப்பர் சும்மா நின்றாலும் கெடும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்த டயர். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தியது, யோசிக்கவே வேண்டாம். ஆறு வருஷம் தாண்டிய டயரை வருஷா வருஷம் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். பத்து வருஷம் ஆனால், பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

இதை ஒருமுறை பட்டுத்தான் கற்றேன். பார்க்க நன்றாக இருந்த பழைய டயரோடு மலையிறங்கி வந்தபோது முன்சக்கரத்தில் படபடவென்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் ரோட்டில் படும் ரப்பர் ஒரு முழம் நீளத்துக்குத் தோல் உரிந்த மாதிரி தொங்கியது, உள்ளே நூல் தெரிந்தது. அடுத்தது கொண்டை ஊசி வளைவு. நின்ற இடத்திலேயே ஸ்டெப்னியை மாட்டினேன். அந்த ஸ்டெப்னியும் அதே வயசுதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அண்ணே, எங்கள் ஊர்க் கடையில் 6.00-16 டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஜீப்புக்கும் அதே அளவுதானே, வாங்கிப் போடவா?

வாங்குவதற்கு முன்னால் அது எதற்கான டயர் என்று பாருங்கள். டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் 6.00-16 உண்டு. ஜீப் ரிம்மில் அது கச்சிதமாக உட்காரும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுற்றிலும் மூன்று தடித்த வரப்பு மாதிரி ஓடினால் டிராக்டர் டயர். பக்கச் சுவரில் ஏ6 என்று இருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்தது. உழவில் ஸ்டியரிங் திரும்ப வேண்டும் என்பதற்காக வைத்த வரப்பு அது. ஈரமான தார் ரோட்டில் பிரேக் போட்டால் அதை நம்ப முடியாது. 6.00-16 அளவில் ஜீப்புக்கென்றே செய்த டயர் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. நாலு கடை கூடுதலாக ஏறி இறங்கினாலும் அதையே வாங்குங்கள்.

நைலான் டயரா, ரேடியலா? எது நல்லது சார்?

பழைய தோற்றம் வேண்டும், ஓட்டமும் கல்லும் முள்ளுமான எஸ்டேட் பாதையில்தான் என்றால் நைலான் (உள்நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போகும் பழைய வகை). அதன் பக்கச் சுவர் தடிமன், கல் குத்தினாலும் தாங்கும். ஆனால் ஒரு வாரம் நிறுத்தினால் அடியில் தட்டையாகிவிடும். காலையில் எடுத்ததும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு வண்டி திக் திக்கென்று குதிக்கும், சூடேறினால் சரியாகிவிடும். ரோட்டில் லாரித் தடம் இருந்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கமே இழுக்கும். இதைக் கோளாறு என்று நினைத்துப் பலர் ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்துவிடுகிறார்கள். டயரின் குணமே அதுதான்.

தார் ரோட்டில்தான் பெரும்பாலும் ஓட்டம் என்றால் ரேடியல் (உள்நூல் விளிம்புக்கு விளிம்பு நேராகப் போகும் புதிய வகை) போடுங்கள், வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். ஒரு சக்கரத்தில் நைலான், எதிர்ச் சக்கரத்தில் ரேடியல் என்று மட்டும் போடவே கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு போடுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இடது பக்கச் சக்கரத்தின் நட்டு கழலவே மாட்டேன் என்கிறது. பைப் மாட்டி இழுத்ததில் ஒரு போல்ட் முறிந்துவிட்டது. துருவா?

துரு இல்லை தம்பி, நீங்கள் இவ்வளவு நேரமும் இறுக்கியிருக்கிறீர்கள். பழைய வில்லிஸ் வண்டிகளில் இடது பக்கம் இடது மரை. மற்ற நட்டுகளை எந்தத் திசையில் இறுக்குவோமோ, அந்தத் திசையில் சுற்றினால்தான் கழலும். ஓட ஓட நட்டு தானாகத் தளரக் கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். போல்ட்டின் நுனியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் 'எல்' எழுத்து பொறித்திருக்கும். எழுத்து இல்லாவிட்டாலும் மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடையில் யாராவது ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மாற்றியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகப் பார்த்த பிறகே ஸ்பேனரைப் போடுங்கள். முறிந்த போல்ட்டுக்குப் பதில் போடும்போதும் இடது மரைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பொலிரோ ரிம்மும் 215/75 ஆர் 15 டயரும் சும்மா கிடக்கின்றன. என் பழைய வண்டிக்குச் சேருமா?

போல்ட் வட்டம் சேரும், இரண்டுக்கும் ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர். பக்கத்துப் பக்கத்து போல்ட்டுகளின் நடுவுக்கு நடு அளந்தால் ஏறக்குறைய 82 மில்லிமீட்டர் வர வேண்டும். ஆனால் போல்ட் சேர்ந்தால் போதாது. நடு ஓட்டை ஹப்பில் முட்டாமல் நுழைய வேண்டும். ரிம் பிரேக் டிரம்மிலோ, ஸ்டியரிங்கோடு சேர்ந்த டை ராடு கம்பியிலோ உரசக் கூடாது. நட்டின் சரிவும் ரிம் குழியின் சரிவும் ஒன்றாக இருக்க வேண்டும். டயர் போடாமல் வெறும் ரிம்மை மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, கையால் சுற்றிப் பாருங்கள்.

இந்த டயரின் விட்டம் கணக்குப்படி சுமார் 703 மில்லிமீட்டர், 6.00-16 அதைவிடச் சற்று உயரம். எனவே ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி கொஞ்சம் மெதுவாகவே ஓடும். சரியான கணக்கு வேண்டுமென்றால் டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, பழையதையும் புதியதையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: 215 மில்லிமீட்டர் அகல டயரைப் பழைய நாலரை இஞ்ச் ரிம்மில் ஏற்றாதீர்கள். அதற்குக் குறைந்தது ஐந்தரை இஞ்ச் அகலம் வேண்டும்.

பழைய ரிம்மில் டியூப் இல்லாமல் ஓட்டலாமா?

கூடாது. பல பழைய ரிம்கள் ரிவெட் அடித்தவை, அந்த வழியாகக் காற்று கசியும். டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடும் அவற்றில் இல்லை. டியூப் போடுங்கள். ரேடியல் என்றால் ரேடியலுக்கு உரிய டியூப். உள்ளே டால்க் பவுடர் தூவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டியூப் மடிந்து ஒட்டிக்கொள்ளும்.

டெக்சாஸில் இருக்கிறேன். 1951 செவர்லே 3600 பிக்கப், எட்டு போல்ட். ரிம்மில் ஒரு வளையம் தனியாகத் தெரிகிறது. வீட்டிலேயே டயரைக் கழற்றலாமா?

தயவுசெய்து கை வைக்காதீர்கள். அது லாக் ரிங் வைத்த ரிம், அந்தத் தனி வளையம்தான் டயரை ரிம்மில் பிடித்து நிறுத்துகிறது. துருவேறிய வளையம் காற்றடிக்கும்போது தெறித்தால் ஆளையே கொன்றுவிடும், அப்படி இறந்தவர்கள் உண்டு. வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் முன்பே வால்வு ஊசியைப் பிடுங்கிக் காற்று முழுவதையும் இறக்குங்கள். வால்வுத் துளையில் ஒரு கம்பியை விட்டு, அடைப்பு இல்லை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு லாரி டயர் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிப்பார்கள். உங்கள் நாட்டுத் தொழிலகங்களுக்கு 1980-லேயே அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். வளையமே தெரியாமல் நடுவில் இரண்டாகப் பிரியும் ஃபயர்ஸ்டோன் ஆர்ஹெச்5 வகை என்றால் அதைத் திரும்பப் பூட்டவே வேண்டாம், எட்டு போல்ட்டில் ஒரே துண்டாக உள்ள ரிம் தேடுங்கள்.

இப்போதைக்கு முன்னால் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் போதாதா? ஃபோர் வீல் வண்டி.

ஃபோர் வீல் போடாமலே ஓட்டினால் சமாளிக்கலாம். போடுவீர்கள் என்றால் நாலும் ஒரே விட்டம் இருக்க வேண்டும். பழைய ஜீப்பில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். விட்டம் மாறினால் ஒன்றையொன்று இழுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்லைத் தின்னும். லீவர் திரும்ப எடுக்க வராமல் சிக்குவது அதன் முதல் அறிகுறி. பணம் சேரும்வரை காத்திருந்து ஐந்தாக வாங்குங்கள், ஸ்டெப்னியும் சேர்த்து.

பழைய ரிம்மையே பெயிண்ட் அடித்துப் போடலாமா?

துருவைச் சுரண்டியதும் உளி முனையால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். நட்டுக் குழியைச் சுற்றி விரிசலோ, ஓட்டை முட்டை வடிவமாக நீண்டோ இருந்தால் அது பழைய இரும்புக்குத்தான். வெல்டிங் வைக்காதீர்கள். நன்றாக இருந்தால் ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் கோடு விழுந்தால் ரிம் வளைந்திருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம்.

பெயிண்டை நட்டு உட்காரும் குழியில் தடிமனாக அடிக்காதீர்கள். ஓட்டத்தில் பெயிண்ட் நசுங்கும், நட்டு தளரும். மரையில் எண்ணெயும் பூச வேண்டாம். நட்சத்திரம் போடுவது போல எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். இடது பக்கம் வந்ததும் மரை எந்தத் திசை என்பதை மறக்காதீர்கள்.