கேள்வி பதில்: சொல்லுக்குச் சொல் ஜோடி

கேள்வி: இலக்கணம் ஓரளவு தெரிகிறது, வார்த்தைகளும் தெரியும். ஆனாலும் நான் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: தப்பு பெரும்பாலும் ஜோடி சேர்ப்பதில்தான். நாம் கனவு 'காண்கிறோம்', மாத்திரை 'சாப்பிடுகிறோம்', ஃபேனைப் 'போடுகிறோம்'. இதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் 'சா எ ட்ரீம்', 'ஈட் எ டேப்லெட்', 'புட் த ஃபேன்' என்றால், கேட்பவருக்குப் புரியும், ஆனால் காதில் உறுத்தும். அங்கே 'ஹேட் எ ட்ரீம்', 'டேக் எ டேப்லெட்', 'டர்ன் ஆன் த ஃபேன்'. ஏன் என்று கேட்டால் விதி எதுவும் கிடையாது, வழக்கம், அவ்வளவுதான். தமிழில் மட்டும் என்ன, மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, அதை மாற்றி 'வெயில் பெய்கிறது' என்று யாராவது சொன்னால் நாமும்தான் சிரிப்போம்!

சொற்கள் இப்படி வழக்கமாக ஜோடி சேர்ந்து வருவதற்கு ஆங்கிலத்தில் 'கொலோகேஷன்' என்று பெயர். ஒரு சொல்லை அதனுடன் சேர்ந்து வரும் சொற்களை வைத்தே அறியலாம் என்று 1957-இல் எழுதினார் மொழியியலாளர் ஃபிர்த்.

சரி, எப்படிக் கற்பது? 'மிஸ்டேக்' என்று தனியாக எழுதி வைக்காதீர்கள், 'மேக் எ மிஸ்டேக்' என்று முழுசாக எழுதுங்கள். 'ஹோம்வொர்க்' என்றால் கூடவே 'டூ'. நூறு ஜோடிகளை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வது வீண் வேலை, நான் செய்து பார்த்திருக்கிறேன், ஒரு வாரம்கூட நிற்கவில்லை. படிக்கும்போது கண்ணில் படுவதைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே ஒரு தடவை பேச்சில் நுழைத்துவிடுங்கள். அப்புறம், 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்' வேண்டவே வேண்டாம்.