காயலான் கடை எம்.டி.பி. ஃபிரேம் தேறுமா?

காயலான் கடையில் 26 இன்ச் பழைய எம்.டி.பி. (மவுன்டன் பைக் சைக்கிள்) ஃபிரேம் ஒன்று கிடக்கிறது. பெயின்ட் உரிந்து துருவேறியிருக்கிறது. வாங்கலாமா? (காவேரிப்பட்டினம்)

மேல் துருவைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அடுத்து தராசு: குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த உயர்ரக ஸ்டீல்) ஃபிரேம் சுமார் 2 முதல் 2.5 கிலோ. 3 கிலோவைத் தாண்டினால் சாதாரண ஸ்டீல். அதற்குப் பழைய இரும்பு விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

ஹெட் டியூபுக்கு (ஹேண்டில்பார் நிற்கும் முன் குழாய்) கீழே, அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். புடைப்போ பெயின்ட் சுருக்கமோ தட்டுப்பட்டால் வண்டி முன்னால் மோதியிருக்கிறது. அந்த ஃபிரேம் வேண்டாம். பி.பி. (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழலும் இடம்) அருகே செயின் ஸ்டே (அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்), சீட் கிளாம்ப் பிளவின் அடி, இந்த இரண்டிலும் முடிபோல் துருக்கோடு தெரிந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். தேய்த்த பிறகும் கோடு நின்றால் விரிசல்.

கடைசியாக நூல். ஒரு பின் டிராப்அவுட்டில் (சக்கர ஆக்சில் உட்காரும் பள்ளம்) கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் 1 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். 3, 4 மி.மீ. என்றால் கோணல்.

சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) இறுகிவிட்டது, அசையவே இல்லை. (ஓசூர்)

ஸ்டீல் ஃபிரேமில் அலுமினிய போஸ்ட்டா? தண்ணீர் இறங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து உப்பி, ஆப்பு அடித்ததுபோல் பிடித்துக்கொள்ளும். கிளாம்பைக் கழற்றுங்கள். ஃபிரேமைக் கவிழ்த்து பி.பி. வழியாகவும், நிமிர்த்தி மேலேயிருந்தும் துரு நீக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். பிறகு போஸ்ட்டின் தலையைப் பட்டறை வைஸில் கவ்வி, ஃபிரேமையே இடம் வலமாகத் திருப்புங்கள். எடுத்ததும் மேலே இழுக்காதீர்கள், முதலில் சுழலட்டும். நெருப்புக் காட்டுவதில் லாபமில்லை: ஸ்டீலைவிட அலுமினியம் அதிகம் விரியும், சூட்டில் பிடி இன்னும் இறுகும்.

புதிது வாங்கும்முன் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். 27.2, 26.8, 26.4 மி.மீ. என்று நூலிழை வித்தியாசத்தில் பல அளவுகள் உண்டு. கிரீஸ் தடவிப் பொருத்துங்கள்.

பின் சக்கரம் உட்கார மறுக்கிறது. (அரூர்)

ஃபிரேமில் பின் டிராப்அவுட்டுகளின் இடைவெளி 130 மி.மீ., ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) 135 ஆக இருக்கும். ஸ்டீல் என்றால் பக்கத்துக்கு 2.5 மி.மீ. விரிக்கலாம். அலுமினியத்தை விரிக்கவே கூடாது.

செயின் ஸ்டே விரிசலை நம்மூர் வெல்டிங் பட்டறையில் ஒட்டலாமா? (பாலக்கோடு)

இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற ஆர்க் வெல்டிங் வேண்டாம். குழாயின் கனம் பல இடங்களில் 1 மி.மீ. கூட இருக்காது, ஓட்டை விழும். ஸ்டீல் என்றால் டிக் வெல்டிங் அல்லது பித்தளைப் பற்று. ஓசூர்ப் பக்கம் அதற்குக் கைதேர்ந்தவர்கள் உண்டு. அலுமினியத்துக்கு ஒட்டியபின் வெப்பப் பதமும் செய்தாக வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு ஃபிரேமே பார்க்கலாம்.

பெங்களூருக்கு விற்கப் போகிறேன். பவுடர் கோட்டிங் அடித்தால் நல்ல விலை வருமா? (தருமபுரி)

அடிக்காதீர்கள். பழசைத் தேடி வாங்குகிறவருக்கு மூல பெயின்ட்டும் ஸ்டிக்கரும்தான் முக்கியம். புதுப் பூச்சைப் பார்த்தால் உள்ளே விரிசலை மறைத்திருக்கிறீர்களோ என்றும் நினைப்பார். சொட்டை, துரு, தேய்ந்த மரை எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். சீட் டியூப் நீளம், பி.பி. அகலம் (68 அல்லது 73 மி.மீ.), ஹெட்செட் (ஹெட் டியூபில் உள்ள பேரிங்) 1 இன்ச்சா 1⅛ இன்ச்சா, பி.பி. அடியிலுள்ள சீரியல் எண் எல்லாம் வேண்டும். பி.பி.யைக் கழற்றி அனுப்புவதானால், செயின் பக்கக் கப் கடிகாரச் சுற்றில்தான் கழலும். மறந்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் மரை போய்விடும்.

பஸ் பார்சலில் போடும்முன் பின் டிராப்அவுட்டுகளுக்கு நடுவே பழைய ஆக்சில் ஒன்றை நட்டோடு முடுக்கிவிடுங்கள். மேலே மூட்டை விழுந்தாலும் ஸ்டே நசுங்காது.