சத்துணவு அடுப்பு எரியாத நாட்களும் வீட்டுக்கு வரும் அரிசிப் பையும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பும், மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பும் படிக்கிறார்கள். மழையில் சத்துணவுக் கூடத்தின் கூரை ஒழுகியதால் கடந்த மாதம் 11 நாட்கள் சமைக்கவில்லை. வகுப்புகள் மட்டும் வழக்கம்போல் நடந்தன. பிறகு பெற்றோரை அழைத்து, ஒரு பிள்ளைக்கு ஒரு கிலோ அரிசியும் 200 கிராம் துவரம் பருப்பும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே அளவுதான். இது சரியா? "சும்மா கிடைப்பதற்கு இவ்வளவு கணக்கா?" என்று என் மாமியார் கேட்கிறார். – வாசகி, சாத்தூர்

பதில்: உங்கள் மாமியாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, விடுமுறை நாட்கள் நீங்கலாக, நாள்தோறும் ஒரு வேளை உணவை விலையின்றிப் பெறும் உரிமையை வழங்கியிருக்கிறது. தமிழ்நாடு தன் செலவில் அதைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டித்திருக்கிறது. ஆகவே அந்தப் பை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது அன்று. அளவு குறிக்கப்பட்ட உரிமைக்குக் கணக்குப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி அளவுக்கு வருவோம். 2015 ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகளின்படி, தானியம், எரிபொருள், சமையலர் இல்லாமை உள்ளிட்ட எந்தக் காரணத்தால் பள்ளி நாளில் உணவு வழங்கப்படாமல் போனாலும், மாநில அரசு அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் 'உணவுப் பாதுகாப்புப் படி' கொடுத்தாக வேண்டும். இந்தப் படியில் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று, அந்தப் பிள்ளைக்குரிய தானியம். மற்றொன்று, பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலை, எரிபொருள் ஆகியவற்றுக்கான சமையல் செலவு. பெரும்பாலான பெற்றோர் முதல் பங்கை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். இரண்டாவது பங்கைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

மத்திய அரசின் அளவுகோலில் ஒரு நாளைக்கு ஐந்தாம் வகுப்பு வரை 100 கிராம் தானியமும் 20 கிராம் பருப்பும், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் தானியமும் 30 கிராம் பருப்பும் உண்டு. எனவே 11 நாட்களுக்கு உங்கள் மகனுக்கு 1 கிலோ 100 கிராம் அரிசியும், மகளுக்கு 1 கிலோ 650 கிராம் அரிசியும் வந்திருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே அளவில் பை கட்டியதே பிழை. அதில் அதிகம் இழந்தவள் உங்கள் மகள். அவளுடைய அரிசியில் மட்டும் 650 கிராம் குறைகிறது. சமையல் செலவைப் பொறுத்தவரை, 2025 மே முதல் மத்திய அரசு நிர்ணயித்துள்ள தொகை தொடக்க வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 78 காசு, அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 10 ரூபாய் 17 காசு. அந்தக் கணக்கில் மகனுக்கு 74 ரூபாய் 58 காசும், மகளுக்கு 111 ரூபாய் 87 காசும் சேர்கின்றன. கொடுக்கப்பட்ட 200 கிராம் பருப்பு இந்தத் தொகைக்கு ஈடாகக் கருதப்பட்டதா, மீதி பின்னர் வருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். மேலும், தொடர்ந்து மூன்று பள்ளி நாட்களோ, ஒரு மாதத்தில் ஐந்து நாட்களோ உணவு நின்றால், அதற்குப் பொறுப்பு யார் என்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. உங்கள் பள்ளியில் நின்றது 11 நாட்கள்.

முதல் மனுவைத் தலைமை ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கே பயனில்லையெனில், ஊரகப் பகுதியில் வட்டார வளர்ச்சி அலுவலரையும், நகரத்தில் நகராட்சி ஆணையரையும், அதற்கு மேல் மாவட்ட ஆட்சியரின் சத்துணவுப் பிரிவு நேர்முக உதவியாளரையும் அணுகலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு வரிசை எண் கிடைப்பதால், அதைப் பின்தொடர்வது எளிது. எத்தனை மூட்டை அரிசி வந்தது, எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்பதை அறிய, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். என் அனுபவத்தில், இந்த ஒரு விண்ணப்பத்துக்குப் பிறகு குறையும் எடை தானாகவே சரியாகிவிடுவதுண்டு.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எடை பாருங்கள். 2020 இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, மே மாதத்துக்கென்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 3 கிலோ 100 கிராம் அரிசியும் 1 கிலோ 200 கிராம் பருப்பும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுவனின் பையை முக்குக் கடைத் தராசில் நானே வைத்துப் பார்த்தேன். பருப்பு சரியாக இருந்தது. அரிசி 2 கிலோ 870 கிராம்தான் காட்டியது. அந்தப் பள்ளியில் தராசு பழுதாகி இருந்ததால் தகர டப்பாவால் அளந்து போட்டிருக்கிறார்கள். டப்பாவைத் தலைதட்டி அளந்தவர் ஒருவர், கோபுரமாக அளந்தவர் ஒருவர். கேட்டவுடன் மறுநாள் குறையைத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் தெருவில் மற்ற ஏழு வீட்டுக்காரர்கள் கேட்கவேயில்லை.

கேள்வி: அப்படிக் குறைந்த எடைக்கும் மட்டமான பருப்புக்கும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இழப்பீடு பெற முடியுமா? நாங்கள் கட்டும் வரிப்பணம்தானே அது? – வாசகர், திருவாரூர்

பதில்: முடியாது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளை விலை கொடுத்து வாங்குபவரே நுகர்வோர். வரி கட்டுகிறோமே என்ற வாதம் நியாயமாகத் தோன்றினாலும், அரசு மருத்துவமனைகளின் இலவசச் சிகிச்சை குறித்த 1995 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, வரியைக் குறிப்பிட்ட ஒரு சேவைக்குக் கொடுத்த விலையாகக் கொள்ள இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் உங்களுக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவருடைய முடிவில் நிறைவில்லையெனில் மாநில உணவு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தகுந்த காரணமின்றி வழங்காத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தத் தொகையைக் கேட்டு நீங்கள் சிரிக்கக்கூடும், நானும் சிரித்திருக்கிறேன். ஆயினும் அரசுப் பணியில் இருப்பவர் அஞ்சுவது தொகையைவிட, அது பதிவேட்டில் ஏறுவதைத்தான்.

கேள்வி: பள்ளியில் கொடுத்த அரிசியில் பால் வெள்ளை நிறத்தில் சில மணிகள் தனியாகத் தெரிகின்றன, கழுவும்போது சில மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் முறத்தில் புடைத்து அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுகிறேன். சரிதானே? – வாசகி, தருமபுரி

பதில்: தயவுசெய்து எறியாதீர்கள். அந்தப் பையில் விலை மதிப்புள்ள பங்கே அதுதான். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றை அரிசி மாவில் கலந்து, மறுபடியும் அரிசி வடிவில் பிழிந்தெடுத்த செறிவூட்டப்பட்ட மணிகள் அவை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில், அதாவது ஒரு கிலோவில் ஏறத்தாழ 10 கிராம் அளவில், அவை கலக்கப்படுகின்றன. மாவாக்கிச் செய்தவை என்பதால் சாதாரண மணியைவிட நிறமும் எடையும் சற்று மாறுகின்றன, மிதப்பதும் அதனால்தான். ஐயம் தீர வேண்டுமானால் பத்து மணிகளைத் தனியே வேகவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். சோற்றைப் போலவே மசியும். பிளாஸ்டிக்காக இருந்தால் மசியாது. நெருப்பில் காட்டினால் உருகிச் சொட்டும், நாற்றமும் வரும். நாலைந்து முறை தேய்த்துக் கழுவுவதையும், தண்ணீர் அதிகம் வைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தலசீமியா போன்ற ரத்தக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள்.

கேள்வி: பருப்பில் வண்டும் புழுக்கூடும் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது. திருப்பிக் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார்களா? – வாசகர், மணப்பாறை

பதில்: இங்கேதான் சட்டம் நம்மைக் கைவிடுகிறது. முதல் பதிலில் சொன்ன அதே 2015 விதியில், உணவுப் பாதுகாப்புப் படி பற்றிப் பேசும் இடத்திலேயே, தானியத்தின் அல்லது உணவின் தரத்தைக் காரணம் காட்டி அந்தப் படியைக் கோர முடியாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அளவு குறைந்தால் கேட்கலாம், தரம் குறைந்தால் அந்த வழியில் கேட்க முடியாது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. புழுத்த ஒரு கிலோ பருப்பு, இல்லாத ஒரு கிலோ பருப்புக்குச் சமம்தானே? ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

எனவே தரத்தைப் பொறுத்தவரை, வாங்கும் இடத்திலேயே தடுப்பதுதான் நடைமுறை வழி. பையை அங்கேயே பிரித்து ஒரு கைப்பிடியைத் தாளில் பரப்பிப் பாருங்கள். துளை விழுந்த பருப்பு, நூல்கட்டிய கட்டி, விரலில் ஒட்டும் மாவுத்தூள், பூசண வாடை ஆகியவற்றில் எது இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் மாற்றித் தரக் கேளுங்கள். மூட்டை மொத்தமும் அப்படியென்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். திட்டத்தைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் கடமை, அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் பெற்றோர். கலப்படத்தையும் தரத்தையும் சோதிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலரை அழைத்து மாதிரி எடுக்கச் செய்யவும் வழியுண்டு. உங்கள் நிலையில், பிரித்த அன்றே தேதியுடன் படம் எடுத்து, பையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டு வண்டுகளுக்காக அல்ல, அதே மூட்டைப் பருப்பு மற்ற வீடுகளுக்கும் போயிருக்கிறது என்பதற்காக. வெயிலில் உலர்த்திப் புடைத்துச் சமைத்துவிடலாம் என்று பாட்டிமார் சொல்வார்கள். வண்டுக்கு அது பொருந்தும், பூசணத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: இந்தப் பையெல்லாம் எதற்கு? பணமாகக் கொடுத்துவிட்டால் தாய்மார்களே நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிரிட்டனில் 2021 ஜனவரியில் இதே விவாதம் எழுந்தது. பள்ளிகள் மூடியிருந்தபோது இலவச மதிய உணவுக்குப் பதிலாக வீட்டுக்கு வந்த பொட்டலம் ஒன்றைத் தரையில் பரப்பி, ஒரு தாய் படம் எடுத்து வெளியிட்டார். ஒரு ரொட்டி, இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு கேரட், ஒரு தக்காளி, மூன்று ஆப்பிள், இரண்டு வாழைப்பழம், சில பாலாடைக்கட்டித் துண்டுகள், ஒரு டப்பா பீன்ஸ், கொஞ்சம் பாஸ்தா என்று எண்ணிவிடும் அளவில்தான் அதில் பொருள்கள் இருந்தன. கடையில் கொடுத்து உணவுப் பொருள் வாங்கிக்கொள்ளும் பற்றுச்சீட்டுக்கு, பத்து நாட்களுக்குரிய 30 பவுண்டுக்கு, பதிலாக வந்தது இது, கடையில் 5 பவுண்டு 22 பென்சுக்கு வாங்கிவிடுவேன் என்றார் அவர். வழங்கிய நிறுவனமோ, அது ஐந்து நாட்களுக்கானது, கட்டுவதற்கும் கொண்டுசேர்ப்பதற்கும் ஆன செலவு உட்பட 10 பவுண்டு 50 பென்சுதான் வாங்கினோம் என்றது. பிள்ளைகளின் பசிக்காகக் குரல் கொடுத்துவந்த கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டும் படங்களைப் பகிர, பிரதமரே கண்டிக்க நேர்ந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த வாரமே ஒரு பிள்ளைக்கு வாரம் 15 பவுண்டு பற்றுச்சீட்டு மீண்டும் வந்தது.

உங்கள் பக்கத்துக்கு இது வலுவான சான்றுதான். ஆனால் நம் நாட்டில் அதே ஆண்டு மே மாதம், 11 கோடியே 80 லட்சம் பிள்ளைகளுக்குச் சமையல் செலவைப் பணமாகவே கொடுப்பதாக மத்திய அரசு அறிவித்தபோது, ஒரு பிள்ளைக்கு வந்தது சுமார் 100 ரூபாய். அதை எடுக்க வங்கிக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் போய்வந்தவர்களை நான் அறிவேன். பருப்பு விலை ஏறினாலும் 20 கிராம் 20 கிராமாகவே இருக்கும். பணத்துக்கு அந்த உறுதி இல்லை. என் கருத்தில் நம் ஊருக்குப் பொருளே மேல். ஆனால் ஒவ்வொரு பையிலும் என்னென்ன, எத்தனை கிராம், எத்தனை நாட்களுக்கு என்று அச்சிட்ட சீட்டு ஒன்றை வைத்துக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் அந்தத் தாயும் நிறுவனமும் ஐந்து நாளா பத்து நாளா என்று சண்டையிட்டதற்குக் காரணமே அப்படி ஒரு சீட்டு இல்லாததுதான்.

கேள்வி: வீட்டுக்குக் கொடுக்கும் பையில் முட்டை ஏன் இல்லை? – வாசகி, நாமக்கல்

பதில்: முட்டை மாநில அரசு கூடுதலாகக் கொடுப்பது, மத்திய விதி சொல்லும் உணவுப் பாதுகாப்புப் படியில் அது சேராது. 2020 இல் மாதம் 10 முட்டைகள் வீட்டுக்கே வழங்கப்பட்டன. பள்ளி நடக்கும் மாதத்தில் கிடைப்பதில் அது பாதியளவே. கொடுத்தால், முத்திரை குத்திய முட்டைதானா என்று பாருங்கள். தண்ணீரில் போட்டால் படுத்துக் கிடப்பது புதியது, நிமிர்ந்து நிற்பதை உடனே வேகவைத்துவிடுங்கள், மிதப்பதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மை போட்டு என் மகன் பத்து நாட்கள் வீட்டில் இருந்தான். அந்த நாட்களின் அரிசியைக் கேட்கலாமா? – வாசகர், கோவில்பட்டி

பதில்: கேட்க முடியாது. பள்ளியில் உணவு தயாராக இருந்து பிள்ளை சாப்பிடவில்லையென்றால், காரணம் எதுவானாலும் படி கிடையாது. கோடை விடுமுறைக்கும் அப்படியே. 2020 மே மாதத்துக்குக் கிடைத்தது, பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்கான விலக்கு.