கேள்வி-பதில்: இடம் கொஞ்சம், கோப்பு ஏராளம்

கே: 128 ஜிபி போன் நிரம்பிவிட்டது. கையில் 64 ஜிபி பென்டிரைவ்தான். எதை எடுத்து வைக்க? (தென்காசி)

ப: முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்து பாருங்கள். பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று அதுவே பிரித்துக் காட்டும். குட்மார்னிங் படங்கள் அங்கேயே ஒழியட்டும். மிச்சத்துக்கு ஒரே கேள்வி: தொலைந்தால் வேறெங்காவது கிடைக்குமா? சினிமா, பாட்டு, ஆப் எல்லாம் கிடைக்கும். அப்பாவின் குரல் பதிவு கிடைக்காது. 4கே வீடியோ நிமிடத்துக்கு 350 எம்பிகூடத் தின்னும். அந்த இடத்தில் சுமார் நூறு போட்டோ அடங்கும். அதனால் வீடியோவில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி வையுங்கள். போன் நம்பர்களை விசிஎஃப் (தொடர்புப் பட்டியலைச் சேமிக்கும் வகை) கோப்பாக எடுங்கள். படமில்லாமல் ஆயிரம் நம்பர் இருந்தாலும் 1 எம்பி தாண்டாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏற மறுத்தால், பென்டிரைவ் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காத ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது. ஃபார்மட் செய்து, அந்த வரம்பில்லாத எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் காலியாக இருக்கும்போதே. மாற்றினால் உள்ளிருப்பது அழியும்.

கே: ஆதார், பான், லைசென்ஸ் ஸ்கேன்களை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். நாலாவது வேண்டுமா?

ப: வேண்டாம். அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் திரும்ப எடுக்கலாம்.

கே: ஆன்லைனில் 699 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் வாங்கினேன். பேரன் படங்களை ஏற்றினேன். பெயர் தெரிகிறது, படம் திறக்கவில்லை. நான் தப்பாக ஏதும் செய்துவிட்டேனா?

ப: உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. இது பச்சைத் திருட்டு. உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப்தான் இருக்கும். 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை (பென்டிரைவை இயக்கும் சிப்பை) திருத்தியிருப்பார்கள். நிஜமான இடம் தீர்ந்ததும் புதுப்படம் பழையதன் மேலேயே எழுதப்படும், இல்லையென்றால் எங்கும் பதியாமலே போகும். பெயர்ப் பட்டியல் மட்டும் நிற்பதால், திருப்பியனுப்பும் கெடு தாண்டிய பிறகே குட்டு உடைகிறது. 'லைஃப்டைம் வாரண்டி' அட்டையோடு இதே ரகம் ஒன்று என் டிராயரிலும் கிடக்கிறது. இனி அதில் எதையும் ஏற்றாதீர்கள். திறக்கிற படங்களை உடனே வேறிடத்துக்கு மாற்றுங்கள். பிறகு விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக்கில் எஃப்3 என்ற சோதனை சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். இவை காலி இடம் முழுவதும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லும். அந்தத் திரையைப் படமெடுத்து, பில்லையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். புது டிரைவ் எதுவானாலும் பிரித்த அன்றே இந்தச் சோதனையை முடிக்க வேண்டும்.

கே: 1 டிபி டிஸ்க் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றா?

ப: இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

கே: எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிட்டு போனில் அழித்துவிட்டேன். டிஸ்க் கீழே விழுந்ததிலிருந்து டக் டக் என்கிறது. இலவச சாஃப்ட்வேர் ஏதாவது சொல்லுங்கள். (மதுரை)

ப: இருந்ததே ஒரு பிரதி, அதையும் கீழே போட்டாயிற்று. இப்போதும் இலவசம்தான் வேண்டுமா? சாஃப்ட்வேர் இதற்கு ஆகாது. அந்தச் சத்தம் பெரும்பாலும் ரீட் ஹெட், அதாவது உள்ளே சுழலும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனை, பழுதானதன் அறிகுறி. சொருகச் சொருக தட்டு சுரண்டப்படலாம், கழற்றி வையுங்கள். தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெகவரி மையத்தில் கொடுங்கள். திறக்கும் முன்பே கட்டணம் எவ்வளவு, எதுவும் கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். கூகுள் போட்டோஸ் பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததா? அப்படியானால் அந்த ஆப்பில் அழித்த படங்கள் அதன் ட்ராஷில் 60 நாள் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.