பிலிப்பைன்ஸ் மலைவாழ் மக்களின் பழைய கோடரியை எப்படி அடையாளம் காண்பது?

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவின் வடக்கே கோர்டில்லேரா மலைகளில் வாழும் கலிங்கா, போன்டோக், திங்குவியான் மக்களின் கைக்கோடரி இது; ‘தலைவெட்டும் கோடரி’ என்று பெயர். ஒரு பக்கம் வெட்டும் அலகு, எதிர்ப்பக்கம் கூரிய முள். அலகு ஒடுங்கி, வெட்டுவிளிம்பு உள்வாங்கி, முள் நீண்டிருந்தால் பெரும்பாலும் கலிங்கா வகை. அகன்ற அலகும் குட்டையான முள்ளும் என்றால் போன்டோக் வகையாக இருக்கலாம்.

முள் அலங்காரமில்லை. அதைத் தரையில் குத்தினால் கூர்விளிம்பு மேல்நோக்கி நிற்கும். இரு கைகளாலும் இறைச்சியைப் பிடித்து அதில் அறுக்கலாம். நம் அரிவாள்மனை போலத்தான். சந்தையில் புதுப் பிரதிகள் ஏராளம்; வடிவத்தை மட்டும் வைத்துப் பழமையைச் சொல்லிவிட முடியாது. கைப்பிடியின் தேய்மானத்தையும் பாருங்கள்.

அந்தப் பெயரால் இதைக் கொலைக்கருவி என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள்; எதிரியின் தலையை வெட்டி எடுக்கும் தலைவேட்டைக்குப் பயன்பட்டது உண்மை, ஆனால் விறகும் இறைச்சியும் வெட்டியதும் இதுவே.